பருத்திக்காட்டுக் கப்பல்

1944 செப்டம்பர் 26, செவ்வாய்

நின்றுகொண்டிருந்த விமானத்தில் வாந்தி எடுத்த ஆசாமி, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இரண்டு நாளாக எழுத ஒழியவில்லை. எழுத மனசும் வரவில்லை. விமானம் ஓடவில்லை, பறக்கவில்லை, மூக்கில் இருக்கும் விசிறிகூட அசையவில்லை. கொட்டிலில் கட்டின பசு மாதிரி சாதுவாக நின்றது. சரி, இறங்கலாம் என்று எழுந்தேன். அவ்வளவுதான். தர்மு கட்டிக் கொடுத்த எலுமிச்சஞ்சாதம் முழுவதும் மாட்சிமை தங்கிய சக்கரவர்த்தியின் தபால் பை மேல் போய்ச் சேர்ந்தது.

விமானியாக இருந்த பையனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தான். நாற்பத்தெட்டு வயசில், கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு தட்டு.

இன்று வீட்டுக்குள் கால் வைக்குமுன் தர்மு மறித்துக்கொண்டாள்.

"ஏன்னா, ரெண்டு ராத்திரி எங்கே போயிருந்தேள்?"

"படகு தவறிடுத்து."

"கருக்கம்பாளையத்துல என்னன்னா படகு?"

உள்ளபடியே விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. கையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். கறுப்பாக, பளபளவென்று, வெட்டினால் கத்தியில் ஒட்டுகிற ஒரு மாதிரி அல்வா. ஆபீஸில் கொடுத்தார்கள் என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

தர்முவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது படித்து எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

கோயமுத்தூருக்குக் கிழக்கே கருக்கம்பாளையம் மேடு போன வருஷம்வரை பருத்திக்காடு. சமுத்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் போனாலும் ரயிலேறித்தான் ஆக வேண்டும். இந்த மேட்டில்தான் கடற்படைக்காரர்கள் விமான ஸ்க்வாட்ரன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலை: பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுப்பது ஒன்று, அதிகாரிகளையும் தபாலையும் அங்கே இங்கே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது மற்றொன்று. எங்கே இறக்குகிறார்கள் என்பது யுத்த ரகசியம். நான் ஆபீஸில் குமாஸ்தா.

கடற்படைக்காரர்களுக்கு ஒரு சம்பிரதாயம். அவர்கள் கால் வைத்த இடம் கப்பல். அது பருத்திக்காடாக இருந்தாலும் சரி, பாறைக்குழியாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரு பெயர் வைத்து, கொடிமரம் நட்டு, ராஜாவிடம் பதிந்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் சிமெண்டுத் தரை தரையில்லை, மேல்தளம். சமையற்கட்டு சமையற்கட்டு இல்லை, அதற்கும் ஒரு கப்பல் பெயர். கேட்டுக்கு வெளியே போவது "கரைக்குப் போவது". நினைத்த நேரத்தில் கரைக்குப் போக முடியாது. படகு புறப்படும் நேரத்துக்கு வரிசையில் நின்று, அதிகாரி தலையை எண்ணி, "படகு புறப்பட்டது" என்று சொன்ன பிறகு கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். படகு கிடையாது. நடைதான். ஆனால் வரிசையைத் தவறவிட்டவன் படகைத் தவறவிட்டவன். கேட் விரியத் திறந்திருக்கும், எதிரே டீக்கடை தெரியும், போகக்கூடாது.

கப்பலுக்குப் பெயர் வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் கமாண்டர் விம்புஷ் துரை, இந்தப் பக்கத்துப் பறவை ஒன்றின் பெயர் சொல்லு, வீரமாக இருக்கட்டும் என்றார். அந்தச் சமயம் ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் ஒன்று தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. செம்போத்து என்று சொல்லிவிட்டேன். அது பறப்பதைவிட நடப்பதுதான் அதிகம் என்பதை அவர் பிறகு தெரிந்துகொண்டார். அதற்குள் லண்டனில் அச்சாகிவிட்டது. எச்.எம்.எஸ். செம்போத்து.

செப்டம்பர் 29

துரை எனக்கு ஒரு கூடுதல் வேலை கொடுத்திருக்கிறார். ஸ்க்வாட்ரனின் சரித்திரத்தை எழுத வேண்டுமாம். யுத்தம் முடிந்ததும் எல்லா ஸ்க்வாட்ரனும் தங்கள் சரித்திரத்தை நீட்டும்போது நம்மிடம் இல்லாமல் போய்விடக்கூடாது என்கிறார். இந்த மாதச் சரித்திரம்: ஒரு அட்மிரலின் நாய்க்குட்டி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோகப்பட்டது. நாய்க்குட்டிக்கு வாந்தி இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

கெட்டது குடி.

என் பெண் குந்தளத்துக்கு வந்திருக்கும் பவானி வரன் தை மாதத்திலிருந்து நடப்பது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பிடித்தும் போய்விட்டது. பிள்ளை ஈரோட்டில் ரயில்வே குமாஸ்தா, பெயர் வைத்தா. இதற்கு முந்தி இரண்டு வரன்கள் என் வாயால் கலைந்தன. ஒன்றில், பிள்ளையின் மாமா பாடியதைக் கேட்டுவிட்டு தொண்டைக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். இன்னொன்றை எழுதப் போவதில்லை. இதுவும் தவறினால் தர்மு என்னோடு பேசமாட்டாள் என்பது போகட்டும், குந்தளத்தின் முகத்தில் நான் முழிக்க முடியாது. இருபத்தொரு வயசு ஆகிறது. அந்தப் பையன் வந்துபோன நாள் முதல், யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கிணற்றடியில் பாடுகிறாள்.

இன்று பிள்ளையின் அப்பா யக்ஞேஸ்வர ஐயர் கார்த்திகையில் முகூர்த்தம் வைக்கப் பேச வந்தார். தாலுகா ஆபீஸ் சிரஸ்தாராக இருந்து ரிட்டயரானவர். காகிதத்தில் எழுதியிராத எதையும் நம்பமாட்டார். நமஸ்காரம் என்றால்கூட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்ப்பார். ஆசாரம் அதைவிட மேலே.

தர்மு, வீட்டில் வேறு பட்சணம் இல்லாமல், அந்தக் கறுப்பு அல்வாவை வெட்டி வைத்தாள். யார் பண்ணினது என்று கேட்டார். நான், "தர்முதான்" என்றேன். தர்மு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து, "ஏதோ, எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்றாள். ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது எடுத்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் எதிர்வீட்டு நீலா மாமி உள்ளே வந்தாள்.

வந்தவள் சும்மா இருக்கக்கூடாதா? "பாவம், இந்த ஆத்து மாமாவுக்குக் கப்பல்ல உத்தியோகம். போன வாரம் படகு தவறி ரெண்டு நாள் வரவே முடியலை. தர்மு அழுதுண்டிருந்தா," என்றாள்.

மூன்றாவது துண்டு வாயருகில் போய், தட்டுக்குத் திரும்பியது.

அக்டோபர் 4, புதன்

பவானியிலிருந்து கடிதம். சர்க்கார் பாஷையில் இருக்கிறது. கடல் தாண்டினவர் குடும்பத்தில் சம்பந்தம் செய்வது தங்கள் வம்சத்தில் வழக்கமில்லை. தாங்கள் மேற்படி கப்பலில் சேவகம் செய்வதாக நேரில் தெரிய வந்தது. ஆகவே மேற்படி கப்பல் கப்பல் இல்லையென்பதற்குத் தக்க அதிகாரியின் அத்தாட்சி அனுப்பவேண்டியது.

குந்தளம் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "அப்பா, நீங்க வேலை பார்க்கிறது கப்பலா இல்லையா? எனக்குச் சரியாச் சொல்லுங்கோ."

காலையில் கப்பல், சாயங்காலம் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்று கிணற்றடியில் பாட்டு இல்லை.

அக்டோபர் 5

விம்புஷ் துரையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பைப்பை எடுத்துக் கீழே வைத்தார். உன் பெண்ணின் நன்மைக்காக நான் எதுவும் செய்வேன், ஆனால் இது கப்பல் இல்லை என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கப்பல் இல்லையென்றால் அவர் கப்பலின் கமாண்டர் இல்லை. கமாண்டர் இல்லையென்றால் அவர் போடும் கையெழுத்து செல்லாது. ஆகவே, இது கப்பல் இல்லை என்ற கையெழுத்து, இது கப்பலாக இருந்தால்தான் செல்லும்.

அரை மணி யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தாலும் அதே கதவு வழியாக வெளியே வருகிறது.

ஆனால் மனுஷர் நல்லவர். தன்னால் முடிந்த அத்தாட்சி தருகிறேன் என்று தானே உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தார். "பஞ்சாபகேசன் என்பவர் இக்கப்பலில் ஓராண்டாக ஒழுங்காகப் பணிபுரிகிறார். கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது. மூழ்கும் அபாயம் எதுவும் தற்போது இல்லை." முத்திரையும் வைத்தார். நங்கூரம் போட்ட முத்திரை.

இதை அனுப்பலாமா என்று தர்முவைக் கேட்டேன். அவள் அடுப்பில் போட்டால் காபி சுடும் என்றாள். ஆனால் தபாலில் போட்டுவிட்டேன். அத்தாட்சி என்று ஒன்று கேட்டார், ஒன்று இருக்கிறதே என்ற ஆசை.

அக்டோபர் 7

பயிற்சிப் பையன்களுக்காக மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கப்பல் படம் போட்டிருக்கிறார்கள். விமானந்தாங்கிக் கப்பல். கோட்டுக்கு உள்ளே இறங்கினால் பாஸ்; வெளியே இறங்கினால் சமுத்திரத்தில் விழுந்ததாகக் கணக்கு. இன்று காலை கப்பலில் ஒரு ஆடு ஏறிவிட்டது. மூன்று விமானங்கள் இறங்க இடமில்லாமல் வானத்தில் சுற்றின. சரித்திரத்தில் சேர்த்தேன். "எதிரியா?" என்று ஓரத்தில் துரை பென்சிலால் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 12, வியாழன்

பவானியிலிருந்து பதில். ஒரே வரி. "மூழ்கும் அபாயம் உள்ள வஸ்து நிலம் அல்ல என்பது தங்கள் அத்தாட்சியாலேயே நிரூபணமாகிறது."

தர்மு என்னைப் பார்த்தாள். காபி வரவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

பவானிக்கே போய்விட்டேன். பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே. சிரஸ்தார் ஆற்றில் ஸ்நானம் பண்ணிவிட்டு ஈர வேஷ்டியோடு வந்தார். உட்காரச் சொன்னார், ஆனால் தூரத்தில்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பருத்திக்காடு, கொடிமரம், ஆடு. சுண்ணாம்புக் கப்பலைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த இடத்துக்கு சர்வே நம்பர் உண்டா?"

"இருக்கணும். சர்க்கார் எடுத்துண்ட பட்டா நிலம்தானே."

"இருக்கணும்னா? சமுத்திரத்துக்கு சர்வே நம்பர் கிடையாது ஓய். சர்வே கல்லு இருந்தா அது பூமி. எவன் என்ன கொடி நட்டாலும் பூமி. கல்லைக் காட்டும், கல்யாணத்தை வச்சுக்கலாம்."

முப்பது வருஷம் நிலவரி பார்த்த மனுஷர். வேதத்துக்கு அடுத்தபடி சர்வே கல்லைத்தான் நம்புகிறார். நான் எழுந்தேன். அவர், நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

வெளியாளைக் கப்பலில் ஏற்ற அனுமதி வேண்டுமே என்று அப்போதே கவலை. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. எங்கள் மைதானத்தில் நான் ஒரு கல்லையும் பார்த்த ஞாபகம் இல்லை.

அக்டோபர் 18

ராக்கியப்பனிடம் சொல்லி மைதானம் முழுக்கத் தேடச் சொன்னேன். ராக்கியப்பன் கேட் காவல்காரர், இதே ஊர்க்காரர். கப்பல் பாஷை எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாக வருகிறது. வீட்டில் சமையற்கட்டுக்குப் போகும்போதும் பெண்டாட்டியிடம் உத்தரவு கேட்கிறாராம். மைதானம் போடும்போது கல்லெல்லாம் எடுத்துட்டாங்களுங்க சாமி, என்றார். எடுத்த கல்லை என்ன செய்தார்கள்? அது தெரியலீங்க.

துரை அனுமதி கொடுத்துவிட்டார். கப்பலைப் பார்க்க வரும் முதல் இந்தியப் பிரமுகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

அக்டோபர் 23

மழை.

அக்டோபர் 26

மழை. மைதானம் குளம். விமானங்கள் முழங்கால் தண்ணீரில் கொக்கு மாதிரி நிற்கின்றன. இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்குத்தான் இடம் கப்பல் மாதிரியே இருக்கிறது. மனுஷர் சனிக்கிழமை வருகிறார்.

அக்டோபர் 28, சனி

வந்தார். வரிசையாக எழுதுகிறேன்.

ஜட்காவிலிருந்து இறங்கினவர் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். கேட்டின் கீழே வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. மேலே பலகை போட்டிருக்கிறது. கப்பலுக்குப் பலகை வழியாக ஏறுகிற மாதிரியே.

"இது என்ன ஜலம்?"

"மழைத் தண்ணிங்க சாமி. நேத்துப் பேஞ்சது," என்றார் ராக்கியப்பன்.

சிரஸ்தார் என் பக்கம் திரும்பினார். "உப்புக் கரிக்கறதான்னு பாரும்."

குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். கருக்கம்பாளையத்து மாடுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். உப்பு இல்லை என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி, கொடிமரத்தைப் பார்த்ததும் என்ன தோன்றிற்றோ, செருப்பைக் கழற்றிவிட்டார். ராக்கியப்பன் சல்யூட் அடித்துப் புஸ்தகத்தில் பெயரெழுதிக்கொண்டார்.

அப்புறம் தேடல். மடியிலிருந்து கிராம வரைபடத்தை எடுத்து விரித்தார். பழைய தாலுகா ஆபீஸிலிருந்து கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இருநூற்றுப் பதினெட்டு என்று ஒரு நம்பரில் விரலை வைத்து, வடமேற்கு மூலையில் கல் இருக்க வேண்டும் என்றார். வடமேற்கு மூலையில் ஒரு விமானம் நின்றது. தென்கிழக்கு மூலைக்குப் போனோம். கக்கூஸ். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒவ்வொரு மூலையிலும் அவர் வாய் இறுகிக்கொண்டே போனது. எனக்குக் குந்தளத்தின் முகம் கண்ணுக்குள் வந்துபோயிற்று. என்னைப் பார்த்து, "கல்லே இல்லாத பூமி உண்டா ஓய்?" என்றார். கேள்வி மாதிரி இல்லை. தீர்ப்பு மாதிரி இருந்தது.

கொடிமரத்தைச் சுற்றி ஒரு சதுரம் இருக்கிறது. கப்பலின் மிகப் பவித்திரமான இடம். அதற்குள் கால் வைக்கும் எவனும் சல்யூட் அடிக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்டு, கயிறு கட்டி அழகு பண்ணியிருக்கிறார்கள். மழைக்கு வெள்ளை கரைந்திருந்தது. சிரஸ்தார் திடீரென்று நின்றார். குனிந்தார். அங்கவஸ்திரத்தால் ஒரு கல்லைத் துடைத்தார். அதன் தலையில் அம்புக்குறி. பக்கத்தில் நம்பர்.

மைதானத்தில் எடுத்த சர்வே கல் எல்லாவற்றையும் கப்பலின் கர்ப்பக்கிருகத்துக்கு வேலியாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் தொலைந்த சித்தப்பாவைக் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொரு கல்லாகத் தடவினார். "இடம் மாறியிருக்கு. அது கிரிமினல் குத்தம். இருந்தாலும் கல்லு கல்லுதான்," என்றார்.

கிளம்பலாம் என்று திரும்பினோம். ராக்கியப்பன் தலையைச் சொறிந்தார்.

"போட் போயிருச்சுங்க."

கேட் திறந்திருக்கிறது. ஜட்காவில் குதிரை எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த படகு கொடி இறக்கின பிறகுதான். நான் கெஞ்ச வாயெடுத்தேன். சிரஸ்தார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இதுக்கு உத்தரவு இருக்கா?"

"இருக்குங்க."

"எழுத்துல?"

"எழுத்துலதானுங்க."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு, கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். இந்த வருஷத்தில் கப்பலின் விதியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். மாலுமிகள் உள்பட.

பொழுது சாய்ந்தது. மேகம் விலகி மேற்கே கொஞ்சம் சிவந்தது. அவர் ஒரு செம்பு ஜலம் கேட்டு வாங்கி, கொடிமரத்துக்கு எதிரே நின்று ஸந்தியாவந்தனம் ஆரம்பித்தார். அர்க்யம் விட்டு, ஜபம் முடித்து, மேற்கே பார்த்துக் கைகூப்பி எழுந்து நின்றார். சரியாக அந்தக் க்ஷணத்தில் பிகில் ஊதிற்று.

கடற்படையில் இது தினமும் நடப்பது. சூரியன் மறையும்போது கொடியை இறக்குவார்கள். யார் எங்கே இருந்தாலும் வேலையை விட்டுக் கொடியைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் கொடிமரம் அவருக்கு மேற்கே. நூறு பேர், துரையும் சேர்த்து, மேற்கே பார்த்துக் கையை நெற்றியில் வைத்து மூச்சு விடாமல் நின்றார்கள். சமையல்காரன்கூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றான். நடுவில் சிரஸ்தார், கைகூப்பி, கண்மூடி.

கொடி மடிந்ததும் கண்ணைத் திறந்தவர் சுற்றிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இவாள்லாம் தினமும் பண்றாளா?"

"தினமும்."

"நேரம் தவறாமலா?"

"யுத்தமே வந்தாலும். யுத்தம்தான் நடக்கறது."

"எங்காத்துல வைத்தா வாரத்துக்கு ஒரு நாள் பண்றான்," என்றார்.

துரை வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொடிக்கு இவ்வளவு மரியாதை செய்த பிரமுகரை இந்தத் தேசத்தில் பார்த்ததில்லை என்று சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்: இவ்வளவு சுத்தமாக ஸந்தி பண்ணுகிறவரைப் பார்த்ததில்லை என்கிறார். இருவரும் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள்.

வெளியே வரும்போதுதான் அவர் ராக்கியப்பனின் புஸ்தகத்தைப் பார்த்தார். எழுத்தென்றால் அவரால் பார்க்காமல் இருக்க முடியாது. "எஸ். யக்ஞேஸ்வர ஐயர், பவானி. கப்பலில் ஏறினார்" என்று இருந்தது. நின்றுவிட்டார். முத்திரை வேறு.

ஜட்காவில் பாதி தூரம் போனதும், "பூமியில கல்லு இருக்கு. காகிதத்துல கப்பல்னு இருக்கு. நீர் ஏறினது தோஷம்னா நான் ஏறினதும் தோஷம். ரெண்டு பேரும் ஒரே படகுல இறங்கியிருக்கோம்," என்றார்.

"ஆமாம்."

"இதை வெளியில சொல்லாதேயும். கார்த்திகை எட்டாம் தேதி வச்சுண்டுடலாம்."

வீட்டில் வந்து சொன்னேன். குந்தளம் கிணற்றடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் இறைக்கவில்லை, பாட்டு மட்டும் கேட்டது.

நவம்பர் 5, ஞாயிறு

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மனுஷருக்கு ஒரே ஒரு பாக்கி. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பிள்ளையார் சன்னிதியில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கையில் கற்பூரம்.

சொன்னேன். "நான் எந்தக் கப்பலிலும் ஏறிக் கடல் தாண்டினதில்லை."

அவர் தலையசைத்தார். மேளம் கொட்டியது.

திரும்பி வரும்போது தர்மு பின்னாலேயே வந்தாள். "சத்தியம் பண்றச்சே ஏன் வார்த்தையை எண்ணி எண்ணிப் போட்டேள்?" என்று கேட்டாள். கற்பூரம் சுட்டது என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

புதுத் தலைவலி. சம்பந்தியிடமிருந்து கடிதம்: சீர் வரிசையில் வேறு எது குறைந்தாலும் பரவாயில்லை, சம்பந்தி அம்மாள் கையால் கிண்டின அந்தக் கறுப்பு அல்வா மட்டும் கட்டாயம் வேண்டும்.

தர்மு இரண்டு நாளாகக் கிண்டுகிறாள். தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி. முதல் நாள் கூழ். இரண்டாம் நாள், விமானச் சக்கரத்துக்கு ஒட்டுப்போட ஆகும். ரேஷன் கருப்பட்டி அத்தனையும் போச்சு. இதை யார் கொடுத்தா, எந்த ஊர்க்காரா பண்ணினா, கேட்டுண்டு வாங்கோ என்றாள்.

மீசை முளைக்காத விமானிப் பையனிடம் போய் நின்றேன். புதன்கிழமை மறுபடி போகிறானாம். நீயும் வருகிறாயா என்று கேட்டுச் சிரித்தான். நான் தபால் பைகளின் நலன் கருதி மறுத்துவிட்டேன். அரை மணங்கு அல்வா சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 16

வந்துவிட்டது. சரித்திரத்தில் "அவசர யுத்தத் தளவாடம், ஒரு பெட்டி" என்று துரையே எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்கு அவரும் வருகிறார்.

நவம்பர் 23, வியாழன்

முகூர்த்தம் ஆயிற்று. குந்தளத்தின் கழுத்தில் தாலி ஏறினபோது நான் அழவில்லை. ஹோமப் புகை.

நவம்பர் 26, ஞாயிறு

வீடு வெறிச்சென்று இருக்கிறது. கிணற்றடியில் பாட்டு இல்லை. ஈரோட்டில் ஏதோ ஒரு கிணற்றடியில் இருக்கும்.

கல்யாணத்தில் எல்லாம் நன்றாக நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். விம்புஷ் துரை பந்தலுக்குள் நுழைவதற்கு முன் கப்பலில் ஏற அனுமதி கேட்டார்; சம்பந்தி எழுந்து நின்று கொடுத்தார். அல்வாவை மட்டும் சம்பந்தி நான்கு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி, ஆசாரமான வீட்டு அடுப்பில் ஆனதன் ருசியே தனி என்றார். தர்மு தலை குனிந்து நின்றாள். எனக்குப் பரிமாற வரும்போது மட்டும் கரண்டி சற்று வேகமாக இலையில் விழுந்தது.

பொழுது போகாமல் இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை; மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கப்பலேறிக் கடல் தாண்டினதில்லை என்று சொன்னதும் நிஜம். விமானம் நின்றுகொண்டிருந்தது என்று முதல் பக்கத்தில் எழுதினதும் நிஜம்.

கொழும்பில் நின்றுகொண்டிருந்தது.